தமிழ் தெரிந்த நாய்

"தீதி, நாய் பயந்தா நீங்க சமாதானப்படுத்துவீங்க. நீங்க பயந்தா நாய் என்ன பண்ணும்?"

விமான நிறுவனத்தின் டிக்கெட் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை அக்கா என்று வங்காளத்தில் கூப்பிட்டு இப்படிக் கேட்டார். குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கேலிக்குப் பதில் சொல்லிப் பழகியவள் நான். அவரோ உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் பயப்பட மாட்டேன் என்று சொன்னேன். அது பொய். மேசைக்கு அடியில் என் முழங்கால்மேல் தாடையைச் சாய்த்திருந்த அவளுக்கு மட்டும் அது தெரியும்.

அவள் என்று நான் சொல்வது என் நாயை. கறுப்பு லாப்ரடார் என்று சொன்னார்கள். அவளுடைய நிறம் எனக்கு ஒரு செய்திதான். சின்ன வயதில் என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்து, பள்ளி முடிவதற்குள் ஏறக்குறைய போய்விட்டது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது இப்போதும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்குச் சுமை தூக்க வந்து, அங்கேயே நிரந்தரமானவர். அம்மா கார்டன் ரீச்சில் அதிகாரிகளின் குடியிருப்புகளில் சமையல் வேலை பார்த்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன எனக்கு எழுத்து கண்ணில் வந்து, பிறகு பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்கு இடம் மாறியது. பவானிபூரில் கல்லூரி படித்தேன். கேசட்டில் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதினேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. பயிற்சி சென்னையில், அதன்பின் பணியும் அங்கேயே. குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ரயிலில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ரயிலில் நாயைக் கடைசியில் இருக்கும் கார்டின் பெட்டியில், இரும்புக் கூண்டில் அடைப்பார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அவள் அங்கே, நான் எங்கோ ஒரு பெட்டியில். இல்லாவிட்டால் முதல் வகுப்பில் ஒரு முழு அறையை எடுக்க வேண்டும். அது எங்களால் ஆகிற காரியம் இல்லை. அதனால்தான் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பல தடவை அலைந்தபின் சம்மதித்தார்கள். நாய்க்கு வாய்மூடி போட வேண்டும், முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார வேண்டும், கடைசி வார்த்தை விமானியுடையது. யாராவது புகார் செய்தால் அடுத்த பயணத்தில் நாய் கீழே, பெட்டிகள் போகும் இடத்தில்.

இந்த இடத்தில் அவள் எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். டாக்குரியாவில் ஒரு பெண்மணி, வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்து, தன் வீட்டிலேயே ஒன்றிரண்டு நாய்களைப் பார்வையில்லாதவர்களுக்காகப் பழக்கினார். ஆங்கிலத்தில்தான் கட்டளை சொல்லிக்கொடுப்பார். அது வீட்டுக்குள் நன்றாக நடந்தது. தெருவுக்கு வந்தால், டீக்கடையில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் நாயிடம் பேச அந்த ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஆளாளுக்கு சிட் என்பார்கள், கம் என்பார்கள். அவள் குழம்பிப்போய் நடு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவாள். வங்காளம் அதைவிட மோசம். அது ஊரே பேசுகிற பேச்சு.

தமிழில் சொல்லிக்கொடுக்கலாம் என்று சொன்னது நான். கொல்கத்தாவில் தெருவில் நின்றுகொண்டு தமிழில் நாயைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண்மணி வெகுநேரம் சிரித்துவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் மட்டும் போகாதே, அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள் என்றார். போலாம் என்றால் நடக்க வேண்டும். நில்லு, உக்காரு, படு. இந்த நான்கையும் கற்றுக்கொண்டபின் டாக்குரியா ரயில் நிலையப் படிக்கட்டில் எத்தனை பேர் எத்தனை மொழியில் கூவினாலும் அவள் காது அசையாது. என் யோசனை அது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நாய்க்கு ஒருவர் மட்டுமே கட்டளை சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்மணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் உக்காரு என்பார். அவள் உட்காருவாள். அப்பா ஒரு சத்தம் செய்வார், சிரிப்பும் இருமலும் கலந்தது. துறைமுகத்தில் காலையிலிருந்து அடுத்தவர் சொன்னபடி எழுந்து, நின்று, தூக்கி, இறக்கி வந்த மனிதர். அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் அடுப்படியிலிருந்து, படுட்டி என்பாள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளப் பெரியம்மா, இத்தனை வருஷம் உங்களுக்குக் கீழே குடியிருக்கிறேன், எனக்கு வராத தமிழ் இந்த நாய்க்கு வந்துவிட்டதே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

புறப்படும் நாள் காலையில் அவளுக்குச் சோறு வைக்கவில்லை, தண்ணீரும் ஒரு வாய்தான். தம்தம் விமான நிலையத்தில் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த புல்லில் அவளை வெகுநேரம் நடக்கவிட்டேன். அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அப்பா என் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போவல. வேண்டாம்னா சொல்லு, திரும்பிருவோம்."

"நீங்க போங்கப்பா."

"நாங்க போயிட்டா நீ யார் கையப் புடிப்ப?"

நான் சேணத்தின் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினேன். அவளுடைய முதுகில் பூட்டிய தோல் வாரிலிருந்து என் இடது கைக்கு வரும் இரும்புப் பிடி அது. அதன் வழியாகத்தான் படியும் பள்ளமும் எனக்குத் தெரியும். அப்பா அதை ஒரு நிமிடம் தன் கையால் மூடிப் பிடித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தப் பிடியைத்தான் சோதனை செய்யும் இடத்தில் முதலில் கழற்றச் சொன்னார்கள். இரும்பு, கருவி கத்துகிறது என்றார்கள். கழற்றிக் கொடுத்தேன். அது பெட்டிகளோடு சேர்ந்து உருண்டு போய்விட்டது. அவளை ஒரு காவலர் கழுத்து வாரோடு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். என்னை ஒரு பெண் காவலர் திரைக்குள் நிறுத்திக் கைகளை விரிக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் விரித்தபடி, எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் வழி என்று எதுவுமே தெரியாத கூடத்தில் நின்றேன். திசை என்பதே இல்லாமல் போயிற்று. திரைக்கு வெளியே அவளுடைய நகங்கள் பளிங்குத் தரையில் ஒரே இடத்தில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவளும் என்னைத் தேடுகிறாள். டிக்கெட் அலுவலகத்தில் கேட்டவரின் கேள்வி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பிடி திரும்பக் கிடைத்தது. உதவிக்கு வந்த ஊழியர் முன்னால் நடக்க, சென்னைக்குப் போகிறவர்களின் வரிசையில் நின்றோம். போலாம் என்றேன். இரண்டடி நடந்தாள். திடீரென்று உட்கார்ந்துவிட்டாள். இழுத்தேன், எழவில்லை. போலாம் என்று மறுபடி சொன்னதும் எழுந்து வந்தாள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றாள். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். ஊழியர், நாய்க்கு உடம்பு சரியில்லையா தீதி என்று கேட்டார். வாய்மூடி புதிது, அதனால்தான் என்றேன். அவள் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. விமானி பார்த்தால் இறக்கிவிடுவார். இன்று ஏறாவிட்டால் வேலை போயிற்று.

விமானக் கதவருகே விமானி வந்தார். கொஞ்சநேரம் எங்கள் முன்னால் நின்றார். அவருடைய காலணி மட்டும் கேட்டது. நல்ல நாய் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூச்சு விட்டேன்.

முன்வரிசையில் என் காலுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் அவளைச் சுருட்டிப் படுக்கவைத்தேன். பக்கத்து இருக்கைக்கு வந்த அம்மாள் உட்காராமல் நின்றது புடவைச் சரசரப்பில் தெரிந்தது.

"கடிக்குமாம்மா?"

"கடிக்காதுங்க."

"பின்னே ஏன் வாயைக் கட்டியிருக்கு?"

"உங்களுக்காகத்தாங்க."

அந்த அம்மாள் சிரித்தார். ஆனாலும் கால்களை மடக்கி இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டார். விமானம் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியபோது என் பாதத்தின் மேல் அவள் உடம்பு முழுதும் அதிர்ந்தது. குனிந்து காதைத் தடவினேன். ஐஸ் மாதிரி இருந்தது. என் விரலும் அப்படித்தான் இருந்திருக்கும். தரை எங்களை விட்டுப் போனது. இனிமேல் எனக்கும் அவளுக்கும் கீழே எதுவுமே இல்லை என்ற நினைப்பு வந்து, இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நேராகப் பறக்க ஆரம்பித்தபிறகுதான் அது புரிந்தது. நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை இருக்கையில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா, உக்காரு என்றாள். என் காலடியில் சுருண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை உட்காரவில்லை.

"உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. இல்லேன்னா பேசாம படு."

அவள் படுத்தாள்.

நான் கையை அவள் முதுகிலேயே வைத்திருந்தேன். அந்தத் தாய் சொல்லச் சொல்ல, என் உள்ளங்கைக்குக் கீழே அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், படுத்தாள். வரிசையில் நடந்ததும் இதுதான். சென்னைக்குப் போகிற கூட்டம். யாரோ பிள்ளையை உக்காரு என்றிருப்பார்கள், யாரோ அண்ணனை நில்லு என்றிருப்பார்கள். கொல்கத்தாவில் அவள் கேட்ட தமிழ் எங்கள் மூன்று பேர் வாயிலிருந்து மட்டும். மூன்று குரலுக்கும் படிந்தவள், உண்மையில் குரலுக்குப் படியவே இல்லை. தமிழுக்குத்தான் படிந்திருந்தாள். நான் அவளை அழைத்துக்கொண்டு ஊரே தமிழ் பேசும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பறப்பது பற்றிய பயம் அதற்குப்பின் எனக்கு இல்லை. சென்னைத் தெரு பற்றிய பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. சின்ன வயதில் ஊருக்குப் போகும்போது சென்னையில் பஸ் ஏறியிருக்கிறேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கண்டக்டர், போலாம் ரைட் என்பார். சாலை ஓரத்தில் நான் நில்லு என்று நிறுத்தியிருக்கும்போது அந்தக் குரல் கேட்டால்? அவள் நடப்பாள். நான் பிடியைப் பிடித்தபடி அவள் பின்னால் நடப்பேன், பஸ்ஸின் முன்னால். இதை எப்படி யோசித்தாலும் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நின்றது. பக்கத்து அம்மாள் எனக்கு மிட்டாய் கொடுத்தார். வாயில் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தேன். அது உருகி ஒட்டிக்கொண்டது.

சென்னையில் எல்லோரும் இறங்கியபின் எங்களைக் கதவுக்கு அழைத்து வந்தார்கள். வெக்கை முகத்தில் அடித்தது. படிக்கட்டின் தலைப்பில் அவள் வழக்கம்போல் தானாக நின்றாள். நானும் நில்லு என்றேன். வலது கையால் கம்பியைத் தேடினேன். கை இன்னும் கம்பியைத் தொடவில்லை. கீழே பயணிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர் யாருக்கோ சத்தம் கொடுத்தார்.

"ஆச்சா? போலாம், போலாம்!"

பிடி முன்னால் போனது. இடது தோள் இழுபட, முதல் படியில் கால் வைத்தேனா, காற்றில் வைத்தேனா என்று தெரியவில்லை. அடுத்த காலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. உடம்பு சாய்ந்தது. நில்லு என்று கத்தினேன், அல்லது கத்தியதாக நினைத்தேன். வலது கை கம்பியில் மோதிப் பற்றிக்கொண்டது. பின்னாலிருந்து விமானப் பணிப்பெண் என் பையின் வாரைப் பிடித்தாள். நாய் இரண்டு படிகள் கீழே நின்று, பிடி முறுக்கிய நிலையில், திரும்பி என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய மூச்சு என் முழங்காலில் பட்டது.

பணிப்பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். படி வழுக்கியது என்றேன். காய்ந்த படி அது, எனக்கே தெரியும். நாய்மேல் பழி வந்தால் திரும்பும்போது அவள் கீழே பெட்டிகளோடு போவாள். என்மேல் வந்தாலும் ஒன்றுதான், நாயை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று ஆகும். பழியைப் படிமேல் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நில்லு, போலாம் என்று அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி இறங்கினேன்.

வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஊழியர் ஆட்டோ பார்க்கப் போனார். சுற்றிலும் தமிழ். வா, போ, நில்லு, எங்கே போறே, இங்கே உக்காரு. என் வாழ்நாளில் இத்தனை தமிழை ஒரே இடத்தில் கேட்டது கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் காது துடித்தது. அவளுடைய இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கைபேசி அடித்தது. கீழ்வீட்டு மாஷிமா. எங்கள் வீட்டில் போன் கிடையாது, அப்பா அவள் வீட்டில் காத்திருந்தார். எடுத்ததும் மாஷிமா வங்காளத்தில் படபடவென்று கேட்டாள், போய்ச் சேர்ந்தாயா, வாந்தி எடுத்தாயா, உன் தமிழ் நாய் என்ன சொல்கிறது. நானும் வங்காளத்தில் பதில் சொன்னேன். பிறகு அப்பா வாங்கினார்.

"நாயி சொன்ன பேச்சு கேக்கா?"

"கேக்குப்பா. எல்லார் பேச்சையும் கேக்கு."

படிக்கட்டில் நடந்ததைச் சொன்னேன். உக்காருன்னு நானும் சொல்லிருக்கக் கூடாது என்றார் அப்பா. மறு விமானத்தில் வந்துவிடு, வேலை இங்கேயும் கிடைக்கும் என்றார். கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். நான் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், இன்னொருத்தியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"முன்னாடி இந்தப் பொண்ணு என்னமோ பாஷை பேசுச்சே, இந்திதானே அது?"

"தெரியலடி. ஒரு வார்த்தையும் புரியல."

நான் அழுகையை நிறுத்திவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

குனிந்து அவள் இடுப்பில் கையை வைத்து அழுத்தி, போஷ் என்றேன். உட்கார் என்பதற்கு வங்காளத்தில் அதுதான். கொல்கத்தாவில் எங்கள் தெருவின் பத்து வீட்டுக்காரர்களும் பிஸ்கட் கடைக்காரரும் அந்தச் சொல்லைச் சொல்லி அவளைக் கெஞ்சியிருக்கிறார்கள். கேட்கவே கூடாது என்று பழக்கியது நான். அவள் அசையவில்லை. இது உங்கள் பேச்சு இல்லையே என்பதுபோல் மூக்கை என் மணிக்கட்டில் வைத்தாள். மறுபடி அழுத்தினேன். போஷ். ஆட்டோ வருவதற்குள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள். அதுவும் களைப்பினால் இருக்கலாம்.

பயிற்சி நிலையத்துக்குக் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரங்களில் விடுதியில் உடன் தங்கிய பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தேன். நாய் என் மறுபக்கம் சேணம் இல்லாமல் வந்தது. அது எனக்கு அவமானமாக இருந்தது, பழகிக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் விடுதியின் பின்கட்டில் வங்காளப் பாடம். சோல், நடக்க. தாரா, நிற்க. என்னைத் தவிர யாரும் அவளிடம் பேசக் கூடாது என்று விடுதி முழுக்கச் சொல்லி வைத்தேன். சமையல்காரம்மா, வாயில்லா ஜீவனிடம் ரெண்டு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று முறைத்துக்கொண்டார். அப்பா போனில் கேட்டபோது, அவளுக்குத் தமிழ் மறந்துகொண்டு வருகிறது என்றேன். சரிட்டி என்றார். குரல் இறங்கிவிட்டது.

முழுக்க மறக்கவில்லை. இன்று காலையில் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் சேணத்தைப் பூட்டி வாசலுக்கு வந்தேன். எதிரில் பஸ் நிறுத்தம். நடைபாதையின் விளிம்பில் தாரா என்று நிறுத்தினேன். உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது. பஸ் ஒன்று வந்து நின்றது, ஆட்களை ஏற்றியது. கண்டக்டர் போலாம் ரைட் என்றார். பிடி வழியாக அவள் உடம்பு இறுகுவது தெரிந்தது, தசை தசையாக. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பஸ் எங்கள் முகத்துக்கு எதிரே புகையை விட்டுப் போயிற்று. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

சாலையில் சத்தம் அடங்கும்வரை கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டேன். பிறகு குனிந்து, சோல் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் இடது கால் நடைபாதையிலிருந்து இறங்கியிருந்தது.